புள்ளியாக மறுத்த நட்சத்திரம்

தொலைநோக்கியின் ஓட்டோபோகஸைப் பழுதுபார்ப்பது என் தொழில். பாதி வேலை இயந்திரத்தோடு, மீதி வேலை அதை எனக்கு முன்பே பழுதுபார்த்துவிட்டவர்களோடு. மங்கிய படங்களோடு மல்லுக்கட்டும் சக நோயாளிகளே, கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் பட்டதைக் கேளுங்கள். அங்கே விஞ்ஞானம் கற்பிக்கும் ரெஜினா டீச்சருக்குக் கல்வி அலுவலகம் ஒரு தொலைநோக்கியை இரவலாகக் கொடுத்திருந்தது. அடுத்து வரும் பாடசாலைக் கண்காட்சிக்குள் தெளிவான நட்சத்திரப் படமொன்றைக் காட்டாவிட்டால் அது நகரப் பாடசாலைக்குப் போய்விடும்.

இறுகிய திருகு

ஓட்டோபோகஸின் தத்துவம் எளியது. மோட்டர், கெமரா பொருத்திய குழலை முன்னும் பின்னும் நகர்த்தும். கணினி ஒவ்வோரிடத்திலும் படமெடுத்து, நட்சத்திரம் எங்கே மிகச் சிறிதாகிறது என்று பார்க்கும். இங்கே மோட்டர் உறுமியது; நட்சத்திரமோ நடுவில் ஓட்டையுள்ள உளுந்துவடையாகவே நின்றது. குழலின் அடியில் தடவிப் பார்த்தேன். அதைப் பூட்டும் திருகு முழுப் பலத்தோடு இறுக்கப்பட்டிருந்தது. யானை கட்டி இழுத்தாலும் நகராது. யார் செய்தது என்று கேட்டேன். டீச்சர் என்னைப் பார்த்துக் கூசாமல் சொன்னார்.

"புள்ளைங்க நோண்டிருவாங்கன்னு நான்தான் மிஸ் இறுக்கி வச்சேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

ரப்பர்பால் வைத்தியம்

திருகைத் தளர்த்தியதும் குழல் நகர்ந்தது, ஆனால் சொன்ன நேரத்தில் நகரவில்லை. மோட்டர் நின்ற பிறகு மெல்லத் தவழ்ந்து வந்தது. மோட்டரையும் குழலை நகர்த்தும் குமிழையும் சேர்க்கும் இணைப்பைத் திறந்தேன். டீச்சரின் கணவர் செல்வம், தோட்டத்தில் பால் வெட்டுபவர், இணைப்பு வழுக்குகிறதென்று அதற்குள் ரப்பர்பாலை ஊற்றி உறையவைத்திருந்தார். மோட்டர் ரப்பரை முறுக்கியது. ரப்பர் தனக்கு வசதிப்பட்டபோது குமிழைத் திருப்பியது. கணினி கணக்கில் எடுப்பது மோட்டரின் அசைவை. ரப்பரின் மனநிலையை அல்ல. எல்லாவற்றையும் சுரண்டியெடுத்துவிட்டு, இணைப்பை முறையாக இறுக்கினேன். செல்வத்துக்கு மனத்தாங்கல்.

"இந்தப் பாலுலதாங்க பஸ் டயரே ஓடுது. ஒங்க மெஷினுக்கு மட்டும் ஒத்துக்கலையா?"

புகைவீடு

இனி இயந்திரத்தில் குற்றமில்லை. ஆயினும் கணினி ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்தையே குவியம் என்றது. சுற்றிப் பார்த்தேன். ரப்பர்பாலை உறையவைத்த தகடுகளை, அதாவது சீட்டுகளை, உலர்த்தும் புகைவீட்டுக்கு நேர்மேலே, மேட்டில் நின்றுகொண்டிருந்தோம். அதன் கூரையிலிருந்து எழுந்த சூடு நட்சத்திரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரம் அடுப்பைத் தணிக்க முடியுமா என்று புகைவீட்டுக் காவலர் பியதாசவிடம் கேட்டேன்.

"அனே மிஸ், நட்சத்திரம் நாளைக்கும் வரும். சீட் கெட்டுப் போனா தோட்டத்துத் தொரை என்னைய விடுவாரா?"

அதிகாரியின் கண்

தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தோம். அங்கே முதல் முயற்சியிலேயே குவியம் அமைந்தது. எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் ஊசி குத்திய புள்ளிகளாயின.

கண்காட்சிக்கு வந்த கல்வி அலுவலக அதிகாரி, டீச்சர் முன்னர் அனுப்பியிருந்த மங்கிய படத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "இதுல நட்சத்திரம் நல்லாப் பெருசா இருக்கே. புதுசுல ஏன் இப்படிச் சின்னதாப் போச்சு? மெஷின் இன்னும் சரியாகலையா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் டீச்சரே இரண்டு படங்களையும் மேசையில் விரித்து, "எண்ணிப் பாருங்க சேர்" என்றார். பழையதை எண்ண அதிகாரிக்கு ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன. புதியதில், மங்கல் விழுங்கியிருந்த நட்சத்திரங்களெல்லாம் வெளிப்பட்டிருந்ததால், பாதியிலேயே களைத்து நிமிர்ந்தார்.

"தொலைநோக்கி இங்கேயே இருக்கட்டும் டீச்சர். எங்க ஒஃபிஸ் சுவருக்கு மட்டும் அந்தப் பெரிய நட்சத்திரத்தைக் குடுங்க."

எங்கள் தொழிலில் வேலை எவ்வளவு சரியாக முடிகிறதோ, அவ்வளவு சிறியதாகத்தான் அது பிறர் கண்ணில் படும்.