கொல்லை வழி நடை

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் வாங்கிய ஷூவின் ரப்பர் வாசனை, சிறுவயதில் நாங்கள் இருந்த பாம்பூஃப்ளாட் ஊரில் படகுத்துறையிலிருந்து எங்கள் வீடு வரை, பெங்காலி வீட்டு வாழைகளையும் தெலுங்கு வீட்டுத் துணிக்கொடியையும் கடந்து, ஈர ரப்பர் செருப்பு முதுகெல்லாம் சேறு தெளிக்க, பெரியவர்களும் சிறுவர்களும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே கொல்லை கொல்லையாக ஏறிய மேட்டுப் பாதைக்கு என்னை இழுத்துப் போனது. தனியாக நடைப்பயிற்சி என்று ஒன்று யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்போது அங்கே மதில்கள். இங்கே நான் குடியிருக்கும் கராச்சர்மாவிலோ, என் கைக்குழந்தையோடு நடந்தால் லாரிக்கு ஒதுங்கச் சாலையில் ஓரமே இல்லை. என்ன நினைப்பார்களோ என்று இரண்டு நாள் தயங்கிவிட்டு, பின்வீட்டு சாந்தி அக்காவிடம் கேட்டேன்.

“அக்கா, உங்க கொல்லை வழியா தோப்புப் பக்கம் நடந்துக்கலாமா?”

“அரே, இதுக்கெல்லாம் கேக்கணுமா? இரு, நானும் வர்றேன். எனக்கு உன்னைவிட சுகர் ஜாஸ்தி!”