ரங்கநாயகி நிரப்பிய பெஞ்சு

எங்கள் திருவருள் நகரில் ரங்கநாயகியிடம் கேட்காமல் யாரும் ஒரு காய்ச்சலில்கூடப் படுக்க முடியாது. ஒத்தக்கடையிலிருந்து உள்ளே தள்ளி நாங்கள் மனை வாங்கி வீடு கட்டிய புதிதில் இங்கே கேபிள் டிவி வந்தது, பரோட்டாக் கடை வந்தது, சீட்டுக் கம்பெனிகூட வந்துவிட்டு ஓடியும் போனது. டாக்டர் மட்டும் வரவில்லை. இருமினால்கூட மதுரைக்குள் பஸ் ஏற வேண்டும். எந்த நோவுக்கு எந்த டாக்டர், யாருக்குக் கைராசி, யார் எரிந்து விழுவார் என்பதெல்லாம் ரங்கநாயகிக்கு அத்துப்படி. கீரைக்காரி கூடையை இறக்கியதும் முதலில் கீரையைக் காட்ட மாட்டாள், முழங்காலைத்தான் காட்டுவாள்.

இந்த ஞானம் அவளுக்குச் சும்மா வரவில்லை. வீட்டுக்காரர் வெங்கடரமணனுக்கு வீசிங். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை, பஞ்சுத் தூசியோடு பிழைப்பு. போன மார்கழியில் அவருக்கு மூச்சு முட்டியபோது டவுன் பஸ்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மாட்டுத்தாவணி தாண்டும்போதே உதடு நீலம் பாரித்துவிட்டது. ரங்கநாயகி பஸ் என்றும் பார்க்காமல் தங்கள் வீட்டு சௌராஷ்டிர பாஷையில் அவரோடு பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அழுகை வந்தது. கண்டக்டர் புண்ணியவான், எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவிடாமல் பெரியாஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினார். மனுஷன் பிழைத்தார்.

"இன்னொருக்க இந்த பஸ்ஸ நம்புனா எம் புருசன் எனக்கில்ல, சின்னத்தாயி" என்றாள் என்னிடம், திரும்பி வரும்போது.

அப்படியிருக்கையில்தான் டாக்டர் தீப்தி வந்தார். ரேஷன் கடைக்கு எதிரே ஷட்டர் போட்ட ஒற்றை அறை. சின்ன வயசு, வெளியூர்ப் படிப்பு, மரியாதையான பேச்சு. ரங்கநாயகி முதல் நாளே தேங்காய் உடைத்தாள். ஆனால் பாவம், அந்தப் பெண்ணுக்கு ஊர் வழக்கம் ஒன்றும் தெரியவில்லை. திறந்ததே ஆடி மாசம். போதாததற்கு யாருக்கும் ஊசி போடவில்லை. மாத்திரை ரெண்டைக் கொடுத்து, வெந்நீர் குடிங்க என்றார். ஊசி போடாதவரை டாக்டர் என்று எப்படி ஒத்துக்கொள்வது?

அதையாவது பொறுத்திருப்பார்கள். வந்தவர்களை எல்லாம் வாசல்வரை வந்து கும்பிட்டு, "போயிட்டு வாங்க" என்று வேறு வழியனுப்பினார்! ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சு பேசலாமா? பக்கத்து வீட்டு முருகம்மாள் தலைவலிக்குப் போனவள், அதைக் கேட்டதும் மருந்தை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடி வந்தாள். "மறுபடி வான்னு கூப்பிடுறாடி! அவ வாயில என்ன நல்ல வாக்கா இருக்கு?" செய்தி தெரு முழுக்கப் பரவியது. அப்புறம் ஈ, காக்கா அந்தப் பக்கம் போகவில்லை.

புரட்டாசியில் டாக்டர் ரங்கநாயகியிடம் சொல்லிவிட்டார்: "தீபாவளி வரைக்கும் பாக்குறேம்மா. அப்புறம் மூடிட்டு டவுன்ல ஒரு ஆஸ்பத்திரில வேலைக்குச் சேரப்போறேன்."

ரங்கநாயகிக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. தீபாவளி போனால் கார்த்திகை, அது போனால் மார்கழி. விடிந்ததும் முதல் காரியமாக டாக்டருக்குப் பாடம் எடுத்தாள்.

"இங்க யாரையும் வாங்கன்னு சொல்லாதீக."

"வேற என்னம்மா சொல்றது?"

"ஒண்ணுஞ் சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

அடுத்து எங்களைப் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தான் நம் சனம் டாக்டரை எடை போடும். செருப்பு இல்லையா, கைராசி இல்லை. ஆகவே சாயங்காலமானால் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ஆள் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு ஜோடி பழைய செருப்பும் கூடுதலாகக் கொண்டுவந்து போட வேண்டும். நோய்களை அவளே பங்கு போட்டுக் கொடுத்தாள். எனக்கு இடுப்புவலி. முருகம்மாளுக்குத் தலைசுற்றல். பால்காரர் விருமாண்டிக்கு வயிற்றுவலி.

"ஏங்க்கா, எனக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கே" என்றார் விருமாண்டி.

"அதத்தான் சொல்லேன், கல்லு மாதிரி இருக்குன்னு."

அந்த மனுஷன் பஜ்ஜியைத் தின்றுகொண்டே வயிற்றுவலிக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் என்ன லேசா? தரையில் விழுந்த சில்லறையைப் பொசுக்கென்று குனிந்து எடுத்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து "ஐயோ இடுப்பு" என்றேன். டாக்டர் எல்லோரையும் பொறுமையாகப் பார்த்துத் தலையை ஆட்டி அனுப்பினார்.

செருப்பைப் பார்த்துப் பக்கத்துத் தெரு வந்தது. பிறகு யானைமலை அடிவாரத்திலிருந்து வந்தார்கள். தீபாவளிக்குள் உட்கார இடமில்லாமல் போய்விட்டது. டோக்கன் போட்டார்கள், அதைக் கொடுக்கிற பெரிய மனிதராக விருமாண்டி தன்னைத்தானே நியமித்துக்கொண்டார். எங்களுக்கும் பழகிவிட்டது. நாடகம் முடிந்த பிறகும் பேச்சுத்துணைக்கு அங்கேதான் போய் உட்கார்ந்தோம்.

மார்கழி வந்தது. ஒரு சாயங்காலம், பனி இறங்குகிற நேரம், ரங்கநாயகி வெங்கடரமணனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவருக்கு மூச்சு விசில் அடித்தது. வாசல் முழுக்கச் செருப்பு, கால் வைக்க இடமில்லை.

விருமாண்டி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி, "டோக்கன வாங்கிக்கிட்டு வரிசையில வாங்க" என்றார்.

ரங்கநாயகிக்கு வந்ததே கோபம்! "அட பாவி விருமாண்டி! உன் வயித்துவலியே நாங் குடுத்ததுடா! எந்திரி! முருகம்மா, என்னடி முழிக்கிற, உந் தலைசுத்தல் யாரு குடுத்தது? எல்லாம் எந்திரிங்க! எம் புருசனுக்குத்தான்டி நெசமா நோவு!"

நான் முதல் ஆளாக எழுந்தேன், இடுப்பு வலிக்கவே இல்லை. நிஜ நோயாளிகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர், வெங்கடரமணனைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். நானும் ரங்கநாயகியோடு பின்னாலேயே போனேன். முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை விட்டார். அதோடு ஊசியும் போட்டார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த விருமாண்டி, "ஊசி போட்டாச்சு! ஊசி போட்டாச்சு!" என்று வாசலுக்கு அறிவித்தார்.

கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. உதடு பழைய நிறத்துக்கு வந்தது. ரங்கநாயகி அவர் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அப்புறம்தான் தான் வெளியே கத்தியது அவளுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டர், அது வந்து..." என்று இழுத்தாள்.

"வயித்துவலிக்காரர் பஜ்ஜி வாசத்தோட வந்து நின்னப்பவே தெரியும்மா" என்றார் டாக்டர்.

"பெறகு ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"தனியா ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு அவங்க தேவலைன்னு இருந்துச்சு."

வெங்கடரமணன் மெல்ல எழுந்து நடந்தார். டாக்டர் வாசல்வரை வந்து, கற்றுக்கொடுத்தபடி வாயை இறுக மூடித் தலையை மட்டும் ஆட்டினார். படியில் கால் வைத்த ரங்கநாயகி திரும்பினாள்.

"போயிட்டு வாரோம் டாக்டர்."

நான் அவள் கையைக் கிள்ளினேன். டாக்டரே பதறிப்போனார். "ஐயோ, அப்படிச் சொல்லக் கூடாதும்மா!"

"வராம? மார்கழி இன்னும் முழுசாக் கெடக்கு. நாங்க வருவோம். நீங்க எங்கயும் போயிராதீக."

டாக்டர் ஒரு நிமிஷம் பெஞ்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "போயிட்டு வாங்க" என்றார்.

பெஞ்சிலிருந்து ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை.