பம்பாய்க்குப் போன இலவம்பஞ்சு மெத்தை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் மகளின் தலைதீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, ஒரு மெத்தையோடு கூரியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு உண்டான குழப்பம் இன்றுவரை முழுவதும் தெளிந்துவிட்டது என்று சொல்ல இயலாது.

திருமணச் சீர்வரிசையில் மெத்தை மட்டும் விடுபட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நம் பக்கத்துக்காரர்களே ஆனாலும் பிழைப்புக்காகப் பம்பாயில் தங்கிவிட்டவர்கள். அவ்வளவு பெரிய பொருளை ரயிலில் கொண்டுபோக முடியாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்தச் சிறிய வீட்டில் மகள் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவிக்கு உறக்கம் போயிற்று. மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைக்காததால் தலைதீபாவளிக்கு அவர்கள் ஊருக்கு வருவதாகவும் இல்லை.

“தீவாளி நோம்பியன்னிக்காச்சும் புள்ள நம்மூட்டு மெத்தையில படுத்து எந்திரிக்கோணுங்க” என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

நான் பனியன் தொழில் செய்தவன். எங்கள் ஊரில் நூல் வாங்குவது கிலோவில்; துணிக்குச் சாயம் போடுவது கிலோவில்; வெட்டி விழுந்த துண்டுத் துணியை விற்பதும் கிலோவில். எந்தப் பொருளைக் கண்டாலும் எங்கள் கை முதலில் அதன் எடையைத்தான் தேடும். பருத்தி மெத்தை பெரும் பாரம், இலவம்பஞ்சோ தூக்கினால் இருப்பதே தெரியாது. அனுப்பும் செலவு குறையும் என்று கணக்கிட்டு, தாராபுரத்தில் சொல்லி இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தைத்து வாங்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரயில் பார்சலில் பண்டிகைக்கால மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. கூரியர்காரர்கள் விமானத்தில் அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். அங்கே முகப்பில் இருந்த பெண், மெத்தையைத் தராசில் ஒரு கணம் வைத்துவிட்டு, தையற்காரர் வைத்திருப்பது போன்ற நாடாவை எடுத்தாள்.

“எடை போட்டாச்சுல்ல அம்மிணி, அப்புறம் எதுக்குங்க டேப்பு?”

“எடைக்கு மட்டும் பில்லு போடறதில்லீங்கய்யா. நீளம், அகலம், ஒசரம் மூணையும் பெருக்கி, ஒரு கணக்குல வகுப்போமுங்க. அதுல வர்ற கிலோ, தராசுல வர்ற கிலோ, ரெண்டுல எது சாஸ்தியோ அதுக்குத்தானுங்க பில்லு.”

“தராசுல இல்லாத கிலோ எங்கிருந்துங்க வந்துச்சு?”

“எடத்தை அடைக்குதில்லீங்க? பிளேன்ல எடந்தானுங்க காசு. அது போகப் பெரிய பார்சல் சார்ஜ் ஒண்ணு இருக்குதுங்க. தீபாவளி சீசன் சார்ஜ் தனிங்க.”

பின்னால் நின்ற ஒருவர் குறுக்கிட்டார். “சாமி, அது மேல நீங்களும் ஏறிப் படுத்துக்குங்க. அதே ரேட்டுக்குப் பம்பாய் பார்த்துட்டு வந்துரலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்ன தொகைக்கு இன்னொரு மெத்தையே தைத்துவிடலாம். தொழிலாளர்களுக்குப் போனஸ் கொடுத்து முடித்த வாரம் அது. மெத்தையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

தில்லையில் திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டுவார்கள். ஆண்டுதோறும் அங்கே சென்று, கண்ணீர் மல்க அதைத் தொழுது வந்தவன் நான். உருவமில்லாதவனின் இடம் அது. அளக்கவும் நிறுக்கவும் ஆகாதது என்று பதிகங்களில் ஓதி ஓதி மனம் பழகியிருந்தது. இங்கோ ஒரு பெண் நாடாவைப் பிடித்து வெறும் வெளிக்குக் கிலோக் கணக்குச் சொல்கிறாள். அவள் சொன்னதில் பொய்யும் இருப்பதாகப் படவில்லை. எது பிழை, எங்கே பிழை என்று புரியாமல் காதர்பேட்டை வரை நடந்தேன்.

அங்கே எனக்கு நெடுநாள் பழக்கமான பாய் ஒருவர் துண்டுத்துணி வியாபாரம் செய்துவந்தார். துணிக்குப்பையை அமுக்கிக் கட்டும் பிரஸ் ஒன்று அவருடைய குடோனில் இருந்தது. கதையைக் கேட்டதும் அவர் மெத்தையை ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

“எடந்தான சாமி பிரச்சன? எடத்தையே எடுத்துருவோம்.”

“பஞ்சு கெட்டுப் போயிருங்களா பாய்?”

“நம்ம வேஸ்ட்டு எவ்வளவு அமுக்கினாலும், அவுத்து ஒதறினா எந்திரிச்சுக்குது. பஞ்சுக்கு மட்டும் என்னங்க கேடு?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. பனியன் துணி அப்படித்தான். இழுத்தாலும் அமுக்கினாலும் தன் நிலைக்கு மீண்டுவிடும். எங்கள் ஊரில் வேறு விதமான பொருளை யாரும் அறிந்ததில்லை. பிரஸ் இறங்கியபோது மெத்தை நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டது. சாக்குத் துணியில் கட்டி முடித்தபோது ஒரு டிரங்குப் பெட்டியின் அளவில் நின்றது.

அன்று மாலையே அதே முகப்பில் வைத்தேன். அந்தப் பெண் அளந்தாள், நிறுத்தாள், என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

“காலையில வந்த மெத்தைங்களா இது?”

“அதேதானுங்க.”

“பெரிய பார்சல் சார்ஜ் போயிருச்சுங்கய்யா. தராசு எடைக்கே பில்லு. சீசன் சார்ஜ் மட்டும் குடுத்துருங்க.”

காலையில் பெரியதாயிருந்தது மாலையில் சிறியதாயிற்று. உள்ளே இருந்த பஞ்சில் ஓர் இழைகூடக் குறையவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, வென்றேனா ஏமாற்றினேனா என்று விளங்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

தீபாவளியன்று நீராடிப் பூசை முடித்ததும் மனைவியோடு எஸ்.டி.டி. பூத்துக்குச் சென்று, பம்பாயில் மகள் வீட்டுக்கு எதிர்வீட்டாரின் எண்ணைச் சுழற்றினேன். மகளை அழைத்து வந்தார்கள்.

“மெத்தை வந்துச்சா கண்ணு?”

“முந்தாநேத்தே வந்துருச்சுங்கப்பா.”

“அவுத்து ஒதறினியா?”

“ஒதறினோமுங்க. வெயில்ல போட்டு அத்தை தடியில அடிச்சுக்கூடப் பார்த்தாங்க. எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. பலகையாட்டம் கெடக்குது.”

அவளே தொடர்ந்தாள்.

“அதை மாமா எடுத்துக்கிட்டாருங்க. இடுப்பு வலிக்குக் கெட்டியான படுக்கையில படுக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தாருங்களாமா. ரெண்டு ராத்திரியா அசந்து தூங்கறாரு. சம்பந்தி எப்படித்தான் தெரிஞ்சு அனுப்பிச்சாரோன்னு பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறாருங்க.”

“அப்ப நீ எதுல கண்ணு படுக்கற?”

“பாய்லதானுங்கப்பா. பழகிருச்சு.”

அவள் குரலில் சிரிப்பு இருந்ததா, வேறு ஏதேனும் இருந்ததா என்று கண்டுகொள்ள முயன்றேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

வெளியே காத்திருந்த மனைவியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பட்டாசுப் புகைக்கிடையே வீதி முழுவதும் என்னோடு நடந்துவந்தாள். வீட்டை நெருங்கும்போது நின்றாள்.

“ஏனுங்க, சம்பந்திக்கு இடுப்பு வலின்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா?”

தெரியாது என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.