பிலோமினாவின் வண்டிவீடு

பிலோமினாவின் மகள் விக்டோரியாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தாய் இருந்தாள்; வீடுதான் இல்லை. போன ஐப்பசிப் புயலில் கடல் ஏறிவந்து, தூத்துக்குடிக் கரையோரம் இருந்த குடிசையைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து பகலெல்லாம் தலைச்சுமையாக மீன் விற்பாள். இரவில் மீன் ஏலக் கொட்டகையில் படுப்பாள்.

வேம்பாரிலிருந்து சம்பந்தி அமலோற்பவம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஞாயித்துக்கிழமை புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு வாரேன். தங்க இடம் இல்லேன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன். எங்க வீட்டுலயே பெறட்டும்."

அதில் கோபம் இல்லை. ஆனாலும் ஒரே மகளின் முதல் பிள்ளையை வேறொருத்தியா கையில் ஏந்துவது என்று பிலோமினா சாப்பிடாமல் கிடந்தாள்.

எங்கள் தெருமுனையில் செல்வதுரை அண்ணாச்சியின் கூண்டு வண்டி சும்மா நின்றது. பஸ் வந்தபின் சவாரி குறைந்து, மாடுகளை விற்றுவிட்டார்.

"அண்ணாச்சி, அந்த வண்டியத் தாருங்க."

"மாடு இல்லாத வண்டிய வச்சு எங்கன போகப்போற?"

"எங்கயும் போகாம இருக்கத்தான் கேக்கேன்."

அண்ணாச்சி தாமே முன்னால் வந்து நுகத்தடியைப் பிடித்தார். பி.ஏ. முடித்த நானும் தெருக்காரர்களும் பின்னாலிருந்து தள்ள, வண்டி பூவரச நிழலுக்குப் போய்ச் சேர்ந்தது. நுகத்தடிக்கு அடியில் கல் அடுக்கித் தளத்தைச் சமப்படுத்தினோம். பிலோமினா கூண்டின்மேல் பழைய பாய்மரச் சீலையைப் போர்த்தினாள். உள்ளே வைக்கோல் பரப்பிப் பாய் விரித்தாள். சட்டிபானைகளை முன்பக்கம் அடுக்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இருவரும் வந்தார்கள்; விக்டோரியா கையில் துணிப்பெட்டி. அமலோற்பவம் நல்ல கனத்த உடம்புக்காரி.

"ஏறிப் பாருங்க, மைனி," என்றாள் பிலோமினா.

அவள் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்ததுதான் தாமதம், மொத்த வீடும் பின்னால் சாய்ந்தது. நுகத்தடி வானத்தைப் பார்த்தது. சட்டிகள் உருண்டுவந்து அவள் மடியில் விழுந்தன. முன்னால் பாரம் பிடிக்க இப்போது மாடு இல்லை. வீடாகிவிட்டதே என்ற நினைப்பில், பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை வண்டிக்காரரே மறந்துவிட்டார்.

விக்டோரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிலோமினா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அமலோற்பவம் இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டு வளையத்தில் ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. வண்டி சாய்ந்தாலும் அது நேராகத்தான் தொங்கியது. கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே அம்மிக்குழவி!

"ஏளா, என்னளா இது?"

"வளையம் தாங்குமான்னு..." விம்மலுக்கு நடுவே பிலோமினா சொன்னாள். "மூணு நாளா அதப் போட்டு ஆட்டிப் பாத்தேன், மைனி."

"தாலாட்டும் பாடுனியோ?"

பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அமலோற்பவம் மடியிலிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "பாடிருப்ப, பாடிருப்ப," என்றாள். பிறகு எங்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்: "வேடிக்கையா பாக்கிய? நான் எந்திச்சா வீடு முன்னால போயி விழும்லா! கட்டை கொண்டாங்கலே!"

அண்ணாச்சி பனந்துண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தளத்தைச் சமமாக்கி, பின்னால் இரண்டு முட்டுக் கொடுத்தோம். நுகத்தடியை முளையடித்துக் கட்டினோம். வேலை முடியும்வரை அவள் அசையவில்லை. கடைசியில் ஒருமுறை குலுங்கி உட்கார்ந்து பார்த்தாள். வண்டி அசையவில்லை.

அதன்பிறகுதான் இறங்கி மருமகள் பக்கம் திரும்பினாள்.

"பெட்டிய உங்கம்மாகிட்ட குடு," என்றாள்.