கறுப்புத் திரை கண்ணடித்த காலை

கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு கறுப்புச் சதுரம் தோன்றி, நான் அதைப் பார்த்து முடிப்பதற்குள் மறைந்துபோனது. மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது, போனது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த காலை அது, மணி ஆறுகூட ஆகவில்லை. ஒரகடம் பக்கத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் நான் ஹவுஸ்கீப்பிங் ஆள். கூட்டுவது, துடைப்பது, காலி அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டுவது என் வேலை. முதலில் வருகிறவன் நானே என்பதால் லைட்டைப் போட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்து, ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராமைத் திறந்து வைப்பதும் என் தலையில் வந்து சேர்ந்திருந்தது. எந்தப் படத்தை இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும். தட்டினால் கறுப்புத் திரை விரிந்து பச்சை எழுத்துகள் வரும். அன்றைக்குக் கறுப்பு வந்தது, பச்சை வரவில்லை.

ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சதுரத்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. அந்தப் புரோகிராம் ஸ்டிக்கர் அடித்தால்தான் பெட்டி லாரியில் ஏறும். ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைக் கார் கம்பெனியின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் பெட்டி போகாவிட்டால் மதியத்துக்குள் அவர்கள் கார் பூட்டும் லைன் நின்றுவிடும். லாரி அப்போதே வந்து பின்பக்கத்தைத் திறந்துகொண்டு நின்றது. சுவரில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து, கம்பெனி கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சிஸ்டம் மேடத்துக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "மேடம், கண்ணடிக்குது மேடம்" என்றேன். பக்கத்தில் இருந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "காலங்காத்தால ஒரு பொண்ணுக்குப் போனப் போட்டு கண்ணடிக்குதுன்றியே, உனக்கே நல்லா கீதா" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மேடம் சிரிக்கவில்லை.

"எப்படிக் கண்ணடிக்கு அண்ணாச்சி? எழுத்து ஏதும் தெரிஞ்சுட்டு மூடுதா, வெறுங்கறுப்பாவே மூடுதா?"

இமைக்காமல் பார்த்து இன்னொரு முறை தட்டினேன். வெறுங்கறுப்பு என்று சொன்னேன். "சரி, வாரேன். அதுவரைக்கும் யாரும் ஒண்ணையும் தொட வேண்டாம். நீங்க பக்கத்துலயே நில்லுங்க" என்றார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரகடத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தார். பாதுகாப்பு ஷூவில் அவர் அளவு கிடைக்காமல் ஒரு அளவு பெரியதைப் போட்டுக்கொண்டு டக் டக்கென்று நடந்து வருவார். கம்பெனி முழுக்க அவருக்குச் சிஸ்டம் மேடம் என்றுதான் பெயர். அவர் ஊரில் மரியாதையாகக் கூப்பிடும் அண்ணாச்சி என்ற சொல்லை எனக்கும் வைத்தார். எங்கள் பக்கத்தில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். "அண்ணாச்சி, துவரம்பருப்பு இன்னா வெல" என்று பசங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூட எனக்கு வாய் வராது. சேரப்பணஞ்சேரி பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வேண்டி வந்தால் கையில் துடைப்பம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். அது இருந்தால் குனிந்துகொள்ளலாம்.

மேடம் வருவதற்கு முன்பே எங்கள் பிரிவின் இன்சார்ஜ் சார் வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி, கையில் லோடு ரிஜிஸ்டர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் லாரியைப் பார்த்ததும் பதறிவிடுவார். நடந்ததைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூஜை அன்னிக்கு கடைசியா ப்ளக்க புடுங்கினது நீதானேப்பா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விடுமுறைக்கு முன் எல்லா ப்ளக்கையும் எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. பூஜை முடிந்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் போன பிறகு, மேஜையில் சிந்தியிருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு நான்தான் எடுத்தேன். திரை இருட்டாக இருந்தது. அது அணைந்த இருட்டா, தூங்கிக்கொண்டிருந்த இருட்டா என்று இப்போது யோசித்தால் எனக்கே சந்தேகமாக இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும் என்று சார் சொன்னார். பிறகு மேனேஜருக்குப் போன் செய்து, கான்ட்ராக்ட் ஆள் தெரியாமல் பிடுங்கிவிட்டான் என்று என் காதுபடவே சொன்னார்.

கான்ட்ராக்ட் ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதற்குக் கடிதம்கூட வேண்டாம். நாளையிலிருந்து அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். அதற்குள் பதினோரு வருஷம் அந்தத் தரையைத் துடைத்திருந்தேன். நாற்பத்தைந்து வயதில் அஞ்சாவது படித்தவனை வேறு எந்த கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கேட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றிலும் எட்டாவது பாஸ் என்று போர்டு தொங்கும்.

மேடம் வந்து உட்கார்ந்த விதம் இப்போதும் மனதில் இருக்கிறது. யார் என்ன செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. முதலில் அந்தப் புரோகிராமையும் அதோடு சேர்ந்தவற்றையும் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு புரோகிராமை மட்டும் ஸ்டோர்ஸில் இருந்த கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அங்கே திறந்தது. அப்படியானால் புரோகிராம் நல்லாத்தான் இருக்கு என்றார். இங்கே வந்து, படத்தைத் தட்டாமல், வேறொரு கறுப்புத் திரையைத் திறந்து அதற்குள் புரோகிராமின் பெயரை அடித்து ஓடவிட்டார். இப்போது அது மூடினாலும், மூடும்போது முனகியது திரையில் தங்கிவிட்டது. ஒரே ஒரு வரி. எந்தப் பிரிண்டர், எந்த அளவு ஸ்டிக்கர் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கும் ஃபைல் ஒன்று இருக்கிறது, அதைப் படிக்க முடியவில்லை என்று சொல்கிறதாம். அந்த ஃபைலை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டுத் திறந்தார். பச்சை எழுத்து வந்தது. "உயிர் இருக்கு அண்ணாச்சி, சாப்பாட்டுலதான் கோளாறு" என்றார்.

அடுத்து அந்த ஃபைலைப் பாதி பாதியாக வெட்டிக் கொடுத்துப் பார்த்தார். கீழ்ப்பாதியைக் கொடுத்தால் திறக்கிறது, மேல்பாதியைக் கொடுத்தால் கண்ணடிக்கிறது. மேல்பாதியை மறுபடி இரண்டாக்கினார். பெட்டிகளை அடுக்கும் பலகையான பேலட்டில் எந்தப் பெட்டியில் எடை குறைகிறது என்று தெரியாவிட்டால் நாங்களும் பாதி பாதியாகத்தான் தராசில் ஏற்றுவோம். ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தால் பொழுது போய்விடும். இவ்வளவு படித்தவரும் எங்களைப் போலத்தான் தேடுகிறார் என்பது எனக்கு ஏதோ தைரியமாக இருந்தது. கடைசியில் முதல் வரியில் வந்து நின்றார். அதில் மூன்று கிறுக்கல்கள். எந்த பாஷை எழுத்தும் இல்லை. குப்பை விழுந்திருக்கு என்று சொல்லி அந்த வரியை அழித்தார். பச்சை எழுத்து வந்தது, பிரிண்டர் ஸ்டிக்கரைத் துப்பியது, ஏழே முக்காலுக்கு லாரி கிளம்பியது.

லாரி போனதோடு என் கதை முடியவில்லை. பத்து மணிக்கு மேனேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார். காரணம் என்னவென்று எழுதிக் கொடுக்க வேண்டும், கார் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும் என்றார். ஃபைலில் குப்பை விழுந்திருந்தது என்று மேடம் சொன்னதுமே இன்சார்ஜ் சார், அதுதான் சார், ப்ளக்கைப் பிடுங்கினால் அப்படித்தான் விழும் என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். கையில் துடைப்பம் இல்லை. அப்படி விழவும் கூடும், ஆனால் அப்படித்தான் விழுந்தது என்று தெரியாது, தெரியாததை எழுதமாட்டேன் என்று மேடம் சொன்னார். பிரிண்டர் பெயரைத் தவிர அந்த ஃபைலில் யாராவது எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டார். பூஜை அன்று புதுப் பிரிண்டர் வைத்தபோது, மேடம் போனில் சொன்னபடி அதன் பெயரை மாற்றியதாகவும், ஒரே ஒரு பெயர் தவிர வேறெதையும் தொடவில்லை என்றும் இன்சார்ஜ் சார் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மேடம் காலையில் எடுத்து வைத்த நகலைச் சுவர்த் திரையில் பெரிதாகக் காட்டினார். முதல் வரியில் அந்த மூன்று கிறுக்கல்கள். அதற்குக் கீழே மற்ற எல்லா வரிகளும் இடது ஓரத்திலிருந்து தொடங்கின.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவனுக்கு எழுத்தைவிட எழுத்து நிற்கும் இடம்தான் கண்ணில் படும். அந்தக் கிறுக்கல் மட்டும் ஓரத்தில் இல்லை. மேலே, தனி வரியில், நட்டநடுவில் இருந்தது. அந்த இடம் எனக்குப் பழக்கமான இடம். தினமும் மேஜையைத் துடைக்கும்போது விரிந்து கிடக்கும் இன்சார்ஜ் சாரின் லோடு ரிஜிஸ்டரில், ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் இன்சார்ஜ் சாரைக் காட்டிக்கொடுத்தது போலாகும். சொல்லாவிட்டால் சாயங்காலம் என் கேட் பாஸைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, எதையோ பாக்கீங்க. சும்மா சொல்லுங்க" என்றார்.

"கூட்டுறவன் மேடம் நானு. குப்ப இன்னா இப்டி நடுவுல பாத்து உக்காருமா? ஓரத்துலதான ஒதுங்கும். அது பிள்ளையார் சுழி போடற எடம் மேடம்."

மேடம் அதே ஃபைலைத் தமிழ் தெரிந்த வேறொரு புரோகிராமில் திறந்தார். மூன்று கிறுக்கலும் சேர்ந்து ஒரே எழுத்தாகி, அவ்வளவு பெரிய திரையில் 'உ' என்று நின்றது. கறுப்புத் திரைக்குத் தமிழ் தெரியாது, அதனால்தான் காலையில் குப்பையாகத் தெரிந்தது என்று மேடம் சொன்னார். பூஜை நோட்டீஸைத் தமிழில் அடித்துவிட்டு, அதே கையோடு இன்சார்ஜ் சார் ஃபைலைத் திறந்திருக்கிறார். புதுப் பிரிண்டர், புது வேலை, நல்ல நாள். கை தானாகப் போட்டுவிட்டது. அவருக்கு நினைவுகூட இல்லை. திரையைப் பார்த்ததும் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உம்மேல பழி போட்டுட்டேனே. மனசுல வெச்சிக்காதப்பா" என்றார். மேனேஜர் வாயைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மதியம் கேன்டீனில் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், "பிள்ளையாருக்கே பாஸ்வேர்ட் தெரியலன்னு வெளிய அனுப்பிச்சிட்டாங்களாமே" என்று எல்லா மேஜைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மேடம் அறிக்கையோடு என்னைத் தேடி லோடு ஏற்றும் இடத்துக்கே வந்தார். இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். ஃபைலில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது, அதைப் படிக்கத் தெரியாமல் புரோகிராம் மூடிக்கொண்டது, இனிமேல் புரியாத வரி வந்தால் எந்த வரி என்று சொல்லும்படி புரோகிராம் செய்தவர்களிடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். யார் கை என்று எழுதவில்லை. அதை இன்சார்ஜ் சாருக்காக விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கடைசியில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர், இங்கிலீஷிலும், நான் படிக்கும்படி பக்கத்தில் தமிழிலும். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். தயங்கினேன். "கண்டுபிடிச்சது நீங்க மேடம்" என்றேன். "நான் குப்பைன்னு அழிச்சிட்டேன் அண்ணாச்சி. அது குப்பை இல்லன்னு சொன்னது நீங்க. போடுங்க" என்று பேனாவை நீட்டினார். சம்பளத்துக்கும் கேட் பாஸுக்கும் தவிர வேறெதற்கும் அதுவரை நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு காலி பெட்டி மேல் காகிதத்தை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன்.

ஒன்றரை வருஷத்தில் அவருக்கு ஓசூரில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் அதே இடத்தில்தான் இருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. கம்ப்யூட்டர் நின்றால் கடைசியாக யார் தொட்டது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கிறார்கள்.

போன மாதம் தரச் சோதனைக்காக வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தார். ஒரு கோளாறுக்குக் காரணம் கண்டுபிடித்த அறிக்கை ஏதாவது காட்டுங்கள் என்று கேட்டாராம். எத்தனையோ இருக்க, இன்சார்ஜ் சார் அந்த அறிக்கையைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்கள். ஆடிட்டர் நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். அஞ்சாவது என்றேன். குரல் கம்மவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கையெழுத்தில் விரலை வைத்து, இது யார் என்று கேட்டார். இன்சார்ஜ் சார் வாயைத் திறப்பதற்குள் நான் பேச ஆரம்பித்துவிட்டேன். "எங்க சிஸ்டம் மேடம் சார் அவங்க. தெரியாதத எழுதமாட்டாங்க" என்று தொடங்கி, அவர் முதலில் நகல் எடுத்து வைத்ததை, பாதி பாதியாக வெட்டியதை, மேனேஜர் முன்னால் எனக்காக ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லாமல் குறைத்தும் சொல்லாமல் நின்றதைச் சொன்னேன். வெளியே ஒரு லாரி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நான் முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் வெளியே வந்தேன்.