நாலு ஓட்டைத் தகடு

சுரேந்திரனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமலைச்சாமி அண்ணன் கொடைக்கானலில் நடத்திய கச்சேரிக் குழுவில் நான் பாட்டுக்காரி, அவன் கிட்டார்காரன். ஒரே வேனில் போய் ஒரே வேனில் வந்தோம். ஒருநாள்கூட அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததில்லை. நான் கொஞ்சம் சுருதி விலகினால் போதும், மைக்கிலேயே "ச்சே" என்பான். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். பகலில் கேரட் மூட்டை தூக்குவான். யாராவது "சிலோன்காரன்" என்றுவிட்டால் கையை ஓங்குவான்.

ஆனால் வாசிப்பான். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அந்த எலெக்ட்ரிக் கிட்டார் அண்ணனுடையது. ஊரைக் காலி செய்துகொண்டு போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது, அந்தக் காலத்து மாடல். கம்பிகளின் அடிமுனை வந்து உட்காரும் இரும்புத் தகட்டின்மேல் மூன்று பித்தளை உருளைகள் இருக்கும். பித்தளையைக் கண்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? இரண்டாயிரத்து ஐந்தில் ஆயுத பூஜைக்கு அண்ணன் அதைக் குத்துவிளக்கு மாதிரி புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, பொட்டு வைத்துச் சூடம் காட்டினார். பளபளவென்றுதான் இருந்தது. தண்ணீர் தகட்டுக்கு அடியில் இறங்கியதை யார் பார்த்தார்கள்?

மாசி மாதம் பக்கத்து மலைக் கிராமமான போளூர்த் திருவிழாவில் சத்தத்தைக் கூட்டியதும் கிட்டார் நாய் மாதிரி ஊளையிட்டது. கூட்டம் விசிலடித்தது. நான் பாதிப் பாட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"வாசிக்கத் தெரியாத பயல மேடையேத்துனது என் தப்புலே" என்று அண்ணன் மைக் பக்கத்திலேயே கத்தினார். "கூக்கால் கோயில் கச்சேரிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா என் மச்சினன் செல்லப்பாண்டி வாசிப்பான்."

"தகட்டப் புளி போட்டு வெளக்குனது நானா? துரு ஏறி ஓரம் தூக்கிக்கிட்டு கெடக்கு. தகடு ஆடுனா அதுல தொங்குற, கம்பிச் சத்தத்தப் பிடிக்கிற காந்தமும் ஆடும். ஊளையிடாம என்ன செய்யும்?" என்றான் சுரேந்திரன். அண்ணன் அவனை அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

புதுத் தகட்டை அவன் தன் காசில்தான் தருவித்தான். மதுரைக் கடையிலிருந்து முதலில் வந்ததில் மூன்று திருகு ஓட்டை, கிட்டார் மரத்திலோ நாலு. அதைக் கொண்டுவந்த பஸ் கண்டக்டரையே திட்டித் தீர்த்தான். பிறகு மரத்தின்மேல் காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்து, திருகு ஓட்டைகளையும் கம்பி நுழைகிற ஓட்டைகளையும் அச்செடுத்து அனுப்பினான். அடுத்து வந்தது அப்படியே பொருந்தியது.

கூக்கால் மேடையில் மாலையில் சரிபார்த்தோம். எவ்வளவு கூட்டியும் ஊளை இல்லை. கோயில் வேலையாக நின்ற ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுரேந்திரன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் வந்தார். "சரி, எறங்கு. செல்லப்பாண்டி வாசிக்கட்டும்."

"சரி பண்ணிட்டேன்ல?"

"கிட்டார் யாருதுலே? எனக்குப் பிடிச்சவன் வாசிப்பான்."

எனக்கே அநியாயமாகப் பட்டது. சுரேந்திரன் மேடையிலேயே உட்கார்ந்தான். கிட்டாரை மடியில் போட்டு, கம்பிகளைத் தளர்த்தி உருவினான். நாலு திருகையும் கழற்றினான். காந்தத்தைத் தகட்டிலிருந்து பிரித்து ஒயரோடு தொங்கவிட்டான். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கிட்டார் உங்களுது. தகடு என்னுது" என்று சொல்லி இறங்கிப் போனான். செல்லப்பாண்டி கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு அண்ணனைப் பார்த்து முழித்தான். அன்றைக்குக் கிட்டார் இல்லாமலே கத்தித் தொலைத்தேன்.

அதற்கப்புறம் அவனை எந்தக் குழுவும் சேர்க்கவில்லை. அண்ணன் ஊரெல்லாம் பேசிவைத்த பேச்சு அப்படி. ஐப்பசியில் அவன் வீட்டுக்குப் போனேன். செல்லப்பாண்டி மூன்று ஓட்டைத் தகடு ஒன்றை வாங்கி, பொருந்தாததால் மரத்தில் புதிதாகத் துளை போட்டிருந்தான். மரம் பிளந்துவிட்டது. இவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்து அதைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம் விரிசல் விட்டுச்சு?" என்றான்.

"பழைய ஓட்டைலேர்ந்து அடி வரைக்கும்."

அவன் முகம் செத்துப்போனது. உள்ளே போய்த் தகட்டை எடுத்து வந்தான். அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தான். என் கையில் திணித்தான்.

"இனி அந்த மரத்துல எந்தத் தகடும் நிக்காது. இத வச்சு எனக்கு என்ன சோலி? அந்தாளுகிட்டக் குடு. அடுத்த ஆயுத பூஜைக்குப் புளி போட்டு வெளக்கி, பொட்டு வச்சுக் கும்புடச் சொல்லு."

என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான். உள்ளே அவன் அழுதது எனக்குக் கேட்டது.