மதிலோரத்துக் காணி

லோறன்ஸுக்கு ஹம்பேர்க் துறைமுகத்தில், வாழைக்காய் பழுக்கவைக்கும் கிடங்கில் வேலை. மன்னார்க்காரர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதிகம் பேசமாட்டார். மாசி மாதத்தில் ஒரு நாள் மட்டும் தவறாமல் லீவு கேட்பார். அன்று ரயிலேறி, பிறகு பஸ் மாறி, கிழக்கே ட்ரெஸ்கனோவ் என்ற சின்னக் கிராமத்துக்குப் போய்த் திரும்புவார். அங்கேதான் மகள் றெஜினாவைப் புதைத்திருந்தார்கள்.

தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்த அவரையும் மனைவி மரியமலரையும் அந்த ஊரின் பழைய பிரபு மாளிகையில்தான் தங்கவைத்தார்கள். மாளிகை என்று பேர்தான். கூரை ஒழுகும், அறைக்கொரு குடும்பம். அடுத்த மாரியில் றெஜினா பிறந்தாள். மூன்று கிழமையில் சளிக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பிரேதம் புதைக்கும் ஊர்ச் சேமக்காலை தூரம். பிள்ளை பெற்ற உடம்போடு மரியமலரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. மாளிகைக் காவலாளி பின்பக்கத்துச் சிற்றாலயத்தின் மதிலோரத்தைக் காட்டினார். யன்னலால் பார்த்தால் தாய்க்குத் தெரியும் என்றார். ஊர்த் தலைவரும் வாய்ச்சொல்லாகச் சம்மதித்தார்.

மரியமலர் ஒருநாளும் அந்த யன்னல் பக்கம் திரும்பவில்லை. விசா கிடைத்து ஹம்பேர்க்குக்கு வந்த பிறகு அந்த ஊர்ப் பெயரை வாயில் எடுத்ததும் இல்லை. அவர்களுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மாசியில் லோறன்ஸ் போனபோது மாளிகையைச் சுற்றிக் கம்பி வேலி. அரசாங்கம் அதை விற்றுவிட்டது. ஹோட்டல் வரப்போகிறது, மதிலோரத்தில் கார் நிறுத்துமிடம். ஊர் அலுவலகத்தில் இருந்த பெண் வரைபடத்தை விரித்து வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

“கோயில் காணியென்றால் ஒருவரும் கை வைக்க முடியாது. மாளிகைக் காணியென்றால் விற்பனையோடு போய்விட்டது. இங்கே மாளிகைக் காணி என்றுதான் இருக்கிறது. ஒருகாலத்தில் கோயிலுக்குக் கொடுத்தார்கள் என்று பழைய பத்திரம் எதையாவது காட்டினால் பார்க்கலாம்.”

அப்படித்தான் வாழைக்காய்க் கிடங்குத் தொழிலாளி ஒருவர், ஜேர்மன் பிரபுக்களின் வம்சத்தைத் தேடி மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினார். லீவு நாளெல்லாம் அங்கே போனது. முதல்நாள் ஆவணக் கட்டைத் திறந்தவருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பழைய கையெழுத்து, ஜேர்மன் மொழி என்றே தெரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த வயதான பெண் அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“எந்தக் குடும்பத்தைத் தேடுகிறீர்கள்?”

“ஃபொன் ட்ரெஸ்கனோவ் குடும்பம்.”

அவர் பென்சிலை வைத்தார். “அது என் குடும்பம். நான் குட்ரூன் ஃபொன் ட்ரெஸ்கனோவ். உங்களுக்கு அவர்களிடம் என்ன வேண்டும்?”

“என் மகள் உங்கள் காணியில் கிடக்கிறாள்,” என்றார் லோறன்ஸ்.

குட்ரூன் அந்த மாளிகையில் பிறந்தவர். நாற்பத்தைந்தில் ரஷ்யப் படை வந்தபோது, சிறுமியாக, குதிரை வண்டியில் தப்பி ஓடியவர். பிறகு அரசாங்கம் பறித்த காணி திரும்பி வராது என்று தெரிந்தும் வம்ச வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். சிற்றாலய வளவைத் தங்கள் முன்னோர் கோயிலுக்கு எழுதிக் கொடுத்ததாக வீட்டில் சொல்வார்கள் என்றார். அந்த உறுதிப் பத்திரத்தைத் தேடலாம், வாசிப்பதற்கு நான் இருக்கிறேன் என்றார்.

வசந்தம் முழுக்க இருவரும் தேடினார்கள். எங்கள் ஊரில் ஒல்லாந்தர் விட்டுப்போன தோம்பு மாதிரியான காணிப் பதிவுகள், சீதன ஒப்பந்தங்கள், அண்ணன் தம்பி வழக்குகள், கோயில் ஞானஸ்நானப் பதிவுகள். எந்தப் பிரபு யாரைக் கட்டினார், எந்த வயலை ஈடு வைத்தார் என்பதெல்லாம் லோறன்ஸுக்கு மனப்பாடமாகிவிட்டது. தன்னுடைய பூட்டனின் பெயர் அவருக்குத் தெரியாது. மத்தியானத்தில் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, அவர் கொண்டுவரும் வாழைப்பழத்தைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

ஒருநாள் வாசித்துக்கொண்டிருந்த குட்ரூனின் குரல் நின்றுவிட்டது.

“சொல்லுங்கள்,” என்றார் லோறன்ஸ்.

“அந்தக் காலத்து ஊர்ப் பாதிரியார் அந்த வளவைக் கோயிலுக்குத் தரச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார். பண்ணை அடிமைகளின் கைக்குழந்தைகளை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். எங்கள் ஆள் மறுத்திருக்கிறார். அடிமைகளும் தன்னுடையவர்கள், மண்ணும் தன்னுடையது என்று வாதாடி வென்றிருக்கிறார்.” கட்டை மூடிவிட்டு, “இதை நான் வாசிக்காமல் விட்டிருக்கலாம்,” என்றார்.

“விட்டிருந்தால் நான் இன்னும் தேடிக்கொண்டிருப்பேன்.”

லோறன்ஸுக்கு வேறு வழி தெரியவில்லை. ஹோட்டல்காரர் மரியாதையான ஆள்தான். பிள்ளையை எடுத்துப்போக எல்லா ஒழுங்கும் செய்து தந்தார். வீட்டில் அதைச் சொன்னபோது மரியமலர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நானும் வாறன்,” என்றார்.

“உம்மால ஏலாது.”

“ஏலும். இவ்வளவு காலமும் நீங்கள்தானே தனியப் போனீங்கள்.”

புரட்டாதியில் தோண்டினார்கள். புதைத்த அன்று லோறன்ஸ் அடையாளமாக வைத்த கல்லுக்கு நேர் கீழே. இடுப்பளவு ஆழம் போயிற்று. பிறகு அகலமாகவும் தோண்டினார்கள். மணல்தான் வந்தது. அடக்க அலுவல் பார்ப்பவர் தொப்பியைக் கழற்றினார்.

“இந்த மண்ணில் இவ்வளவு சின்னப் பிள்ளை என்றால் ஒன்றும் மிஞ்சாது, ஐயா. அல்லது கல் நகர்ந்திருக்கலாம். இடம் இதுதான் என்று நிச்சயமா?”

லோறன்ஸ் மதிலைப் பார்த்தார். இடையில் யாரோ அதைத் திருத்திக் கட்டியிருந்தார்கள். மரியமலர் முழந்தாளிட்டு, மணலை இரண்டு கையாலும் அள்ளி அந்தச் சின்னப் பெட்டிக்குள் போட்டார்.

“இதுதான் பிள்ளை. வாங்கோ போவம்.”

பெட்டியை ஹம்பேர்க்கில் அடக்கம் செய்தார்கள். குட்ரூனும் வந்து பின்வரிசையில் நின்றார். மரியமலர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அங்கே போகிறார். மெழுகுதிரி கொளுத்தி, றெஜினா என்று பெயர் சொல்லிக் கதைக்கிறார். ஒருமுறை லோறன்ஸையும் கூப்பிட்டார்.

“என்ர பிள்ளை அங்க இல்லையப்பா,” என்றார் அவர். மரியமலர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

மாசியில் லோறன்ஸ் இன்னும் ட்ரெஸ்கனோவுக்குத்தான் போகிறார். கார்களுக்கு நடுவே, மதிலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். கால் வைக்கும் இடமெல்லாம் பிள்ளையை மிதிக்கிறேனோ என்று பயம் வரும். போன முறை ஹோட்டல் பெண்ணொருத்தி வெளியே வந்து, அறை ஏதும் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.